சமுதாயக் கூடத்துக்கும் ஒரு புதுக்குப்புறம்

நம் நாட்டில் சமூக வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 55 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு அதே நாளில் தேசிய விரிவுப் பணியும் அதனோடு வந்து சேர்ந்தது. கிணறும் சாலையும் பள்ளியும் எழுந்த அக்காலத்தில், ஊர் நடுவே ஒரு பொதுக் கூடமும் பல கிராமங்களில் எழுந்தது. சர்க்கார் ஒரு பங்கு கொடுத்தது. மற்றொரு பங்கை ஊரார் ரொக்கமாகவும், செங்கல், மணல், மரம் என்று பொருளாகவும், உடலுழைப்பாகவும் கொடுத்தனர். மாலையில் வானொலி கேட்பதும், முதியோர் எழுத்துப் பழகுவதும், மாதர் சங்கம் கூடுவதும் அக்கூடங்களில்தாம் நடைபெற்றன. பின்னர் வந்த ஆண்டுகளில் வேறு வேறு திட்டங்களின் கீழ்க் கான்கிரீட் தளமிட்ட கூடங்கள் பல கட்டப்பட்டன. முதலில் கட்டியவற்றுக்கு இன்று வயது அறுபதுக்கு மேல். பின்னர் கட்டியவற்றிலும் பல நாற்பதைக் கடந்துவிட்டன.

இக்கூடங்களில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேரூன்றியிருக்கிறது. தளத்தின் அடிப்புறத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஒரு மூலையில் பழைய தேர்தல் பெட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கின்றன. மழை பெய்தால் உள்ளே ஒழுகும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் யாரும் கூடத்தைக் கேட்பதில்லை; யாரும் கேட்பதில்லை என்பதால் வாடகை இல்லை; வாடகை இல்லை என்பதால் பழுது பார்க்கப் பணம் இல்லை. இந்தச் சுழலில் அகப்பட்ட கூடம் பத்து ஆண்டுகளில் இடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

கூடம் பூட்டப்பட்டால் ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவான நட்டம் என்று நினைப்பது தவறு. வசதியுள்ளவர் பக்கத்து நகரத்தில் மண்டபம் பிடித்துக்கொள்வர். வீட்டு முன்புறம் அகலமாக உள்ளவர் பந்தல் போட்டுக்கொள்வர். கூலிக்குப் போகும் குடும்பத்துக்குத்தான் மகளின் திருமணத்துக்குக் கடன் இன்னும் ஒரு பங்கு கூடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்த தெருவினரை எங்கே தங்க வைப்பது என்ற கேள்விக்கும் விடை இல்லாமற் போகிறது. "கோயில் மண்டபம் இருக்கிறதே" என்பார் உண்டு. கோயில் மண்டபம் கோயிலுக்கு உரியது. எல்லாத் தெருவினரும் தம் வரிப்பணத்தில் தமக்கென்று பெற்று, ஒரே பாயில் சமமாக அமர்ந்து பேசும் இடம் பஞ்சாயத்தின் கூடம் ஒன்றுதான். அதை இழப்பது ஒரு கட்டடத்தை இழப்பதைக் காட்டிலும் பெரிது.

உயிர்ச் சேதத்தையும் நினைக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன் பிறகு மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்கள் சோதிக்கப்பட்டுப் பழுதானவை இடிக்கப்பட்டன. அந்தச் சோதனைக் கண் நம் சமுதாயக் கூடங்களின் மீதும் விழ வேண்டும்.

நம் முன்னோர் செய்த ஏற்பாடு

புதிய கட்டடம் கட்டப் பணம் கிடைப்பது எளிது. பழையதைச் செப்பனிடப் பணம் கிடைப்பது அரிது. இது பல ஊராட்சிகளின் அனுபவம். புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஒழுகலை அடைத்ததற்குக் கல்வெட்டு வைப்பார் இல்லை.

ஆனால் கல்வெட்டு வைத்த காலமும் ஒன்று இருந்தது. சோழர் காலத்து ஆவணங்களில் 'புதுக்குப்புறம்' என்றொரு சொல் வருகிறது. கோயிலில் பழுதுற்ற பகுதிகளைப் புதுக்குவதற்கென்றே தனியாக விடப்பட்ட நிலம் அது. அந்நிலத்தின் விளைச்சலை வேறு செலவுக்கு எடுப்பதற்கில்லை. அவ்வாறே ஏரியைப் பேணுவதற்கென்று விடப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப்பட்டது. கட்டியவர்களே, கட்டியது கெடும் என்பதையும் அறிந்து, கெடும்போது செலவழிக்க ஒரு வருவாயையும் அப்போதே ஒதுக்கினார்கள் என்பது இதனால் விளங்கும். நம் கூடங்களைக் கட்டியபோது இந்த ஒரு காரியத்தை மட்டும் மறந்துவிட்டோம். ஆகவே இப்போது நமக்கு வேண்டுவன இரண்டு: இன்றைய பழுதை நீக்க ஒரு முறைப் பணம், நாளைய பழுதுக்கு ஒரு புதுக்குப்புறம். இரண்டாவதற்கு வழி செய்யாமல் முதலாவதை மட்டும் பெற்றால், இன்னும் பத்து ஆண்டுகளில் மீண்டும் இதே மனுவைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

பணத்துக்கு முன்னே பத்திரம்

நிதி கேட்டு மனு எழுதுவதற்கு முன், கூடம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். அக்காலத்தில் நல்ல மனம் படைத்த ஒருவர் "இந்த இடத்தை ஊருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாய்ச்சொல்லால் கொடுத்திருப்பார். கூடமும் எழுந்திருக்கும். பட்டா மட்டும் அவர் பெயரிலேயே இருந்து, இன்று பேரப்பிள்ளைகள் பெயருக்கு மாறியிருக்கும். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பது பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செல்லும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் விதி. தனியார் பட்டாவில் நிற்கும் கட்டடத்துக்கு அரசுப் பணம் செலவிட எந்த அலுவலரும் ஒப்புதல் தர இயலாது.

எனவே சர்வே எண், புலப்படம், பட்டா அல்லது நத்தம், புறம்போக்குப் பதிவு ஆகியவற்றைக் கிராம நிருவாக அலுவலரிடம் சரிபார்த்து, கூடம் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொடையாளியின் வழியினரிடம் முறையாகச் சென்று பேசினால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. தம் பாட்டனார் பெயரைக் கூடத்தின் சுவரில் காண்பதில் அவர்களுக்கும் மகிழ்ச்சியே. தானப் பத்திரத்தை ஊராட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்ட பிறகு மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.

நோயை அறிதல்

பழுதைப் பார்க்கும்போது பெரும்பாலோர் சுவரையும் தரையையும் பார்க்கிறார்கள். கூரையின் மேல் ஏறிப் பார்ப்பவர் சிலரே. கட்டடத்தின் நோய்களில் பெரும்பகுதி தண்ணீரால் வருவது. 40 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தளம் 1,000 சதுர அடி. ஓர் அங்குலம் மழை பெய்தால் அத்தளத்தின்மேல் விழும் நீர் ஏறத்தாழ 2,300 லிட்டர். நம் மாநிலத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே வடகிழக்குப் பருவக்காற்று கொட்டிவிடுகிறது. நீர் வெளியேறும் தூம்புக் குழாயை ஒரு கைப்பிடி ஆலிலைச் சருகு அடைத்துக்கொண்டால், அத்தனை நீரும் தளத்தின்மேல் குளமாக நின்று, வழி தேடி உள்ளே இறங்கும்.

பழைய கூடங்களில் மூன்று வகைக் கூரைகளைக் காணலாம். மங்களூர் ஓடு வேய்ந்தவை ஒரு வகை. இவற்றில் உடைந்த ஓடுகளை மாற்றுவதும், கரையான் அரித்த ரீப்பர்களையும் கைமரங்களையும் மாற்றுவதுமே முக்கியம், செலவும் குறைவு. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பிட்டு அமைத்த மெட்ராஸ் ஒட்டு மற்றொரு வகை. இவ்வகைக் கட்டடத்தின் சுவர்களும் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. இங்கே ஓர் எச்சரிக்கை கூற விரும்புகிறோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். உள்ளே ஏறிய ஈரம் வெளியே காய்ந்துவிடும். அதன்மேல் கெட்டியான சிமெண்ட்டுப் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, நாலைந்து ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும். "சிமெண்ட்டுப் பூசினோம், அதுவும் நிற்கவில்லை" என்று குறைப்படுவோர் இதனைக் கருத வேண்டும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து. அந்த வேலை தெரிந்த கொத்தனார் இப்போது அருகிவிட்டாலும், பழைய கோயில் திருப்பணிகள் நடக்கும் இடங்களில் தேடினால் கிடைப்பார்.

மூன்றாவது வகை கான்கிரீட் தளம். இதன் நோயே அதிக ஆபத்தானது. நீரும் காற்றும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவானது தான் தோன்றிய இரும்பைப்போல் சில மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியைச் சுற்றியுள்ள காரையைப் பிளந்து கீழே தள்ளுகிறது. பல இடங்களில் நடப்பது என்ன? குடியரசு நாளுக்கு முன் ஒரு மூட்டை சிமெண்ட்டைக் குழைத்துத் துருவின்மேலேயே பூசி, வெள்ளையடித்துவிடுகிறார்கள். இது நோயை மூடிவைப்பதாகும். தளர்ந்த காரை முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியை இரும்புத் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சுக் கொடுத்து, மிகவும் மெலிந்த கம்பிகளுக்குத் துணைக் கம்பி வைத்து, அதன் பிறகே மேற்காரை இட வேண்டும். தளம் கீழ்நோக்கி வளைந்திருந்தாலோ, உத்திரத்தில் சாய்வான வெடிப்புக் கண்டாலோ, அன்றே கூடத்தைப் பூட்டி ஒன்றியப் பொறியாளரை அழைக்க வேண்டும். அங்கே பழுதுபார்த்தல் என்ற பேச்சுக்கே இடமில்லாமலும் போகலாம். பொறியாளர் இடிக்கச் சொன்னால் இடிப்பதே அறிவுடைமை.

தளத்தின் மேற்புறத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் நன்கு தட்டிக் கெட்டிப்படுத்திய தளமும், அதன்மேல் தட்டோடும் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை என்பது நெடுநாள் அனுபவம். நீர் தேங்காத சரிவு கிடைக்கிறது. வெயிலும் உள்ளே இறங்குவதில்லை. தாளைப்போல் ஒட்டும் புதிய சரக்குகள் பல விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயினும் சரிவு சரியில்லாத தளத்தில் எதை ஒட்டியும் பயனில்லை.

மதிப்பீட்டை மூன்றாகப் பகுத்தல்

ஊராட்சிகள் பெரும்பாலும் ஒரே மதிப்பீடாகப் பெருந்தொகை ஒன்றை எழுதி அனுப்புகின்றன. அவ்வளவு தொகை எந்த ஒரு கணக்கிலும் இராததால், கோப்பு மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு மழைக்காலம் போய், மதிப்பீடும் பழையதாகிவிடுகிறது. வேலையைப் பகுத்துக்கொண்டால் பணமும் பகுதி பகுதியாகக் கிடைக்கும் என்பது நம் கருத்து.

தண்ணீரைத் தடுக்கும் வேலை முதலாவது: மேல்தளம், தூம்பு, கைப்பிடிச் சுவர், சுவர் ஓரத்து நீர் வடியும் வாய்க்கால். உயிருக்குப் பாதுகாப்பான வேலை அடுத்தது: துருப்பிடித்த கம்பி, வெடித்த உத்திரம், பழைய மின்கம்பிகள். முப்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட மின்கம்பியின்மேல் இன்று திருமண வீட்டாரின் குளிர்பெட்டியும் ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் ஏறுகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். நில இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவியும் இல்லாத கூடத்தை வாடகைக்கு விடவே கூடாது. கழிப்பறை, சமையலறை, தரை ஓடு, வண்ணம், மாற்றுத்திறனாளிகளுக்கான சரிவுப் பாதை ஆகியன மூன்றாம் பகுதி. சரிவுப் பாதைக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்கு இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிட்டுப் போகும் பாதைகள் சக்கர நாற்காலிக்குப் பயன்படா.

முதற்பகுதியை ஒருபோதும் பிற்பகுதிக்குப் பின் தள்ளலாகாது. ஒழுகும் கூடத்தில் வழவழப்பான தரை ஓடு பதித்த காட்சியை நாம் கண்டதுண்டு. பார்ப்பதற்கு வருத்தமாக இருந்தது.

பணம் வரும் வழிகள்

முதலாவது வழி ஊராட்சியின் சொந்த நிதி. வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் இவற்றின் நிலுவையைக் கணக்கிட்டுப் பார்த்தால், தளத்தின் செலவில் ஒரு பங்கு அங்கேயே ஒளிந்திருப்பதைப் பல ஊராட்சிகள் காணக்கூடும். "வரி கட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதற்கும், "வரி வந்தால் இந்த வைகாசியில் கூடத்தின் ஒழுகல் நிற்கும்" என்று கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. பழுதுபார்ப்பில் வெளியேறும் பழைய தேக்கு, ஓடு, இரும்பு ஆகியவையும் ஊராட்சியின் பணமே. அவற்றைப் பொது ஏலத்தில் விற்று, தொகையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வண்டியில் ஏற்றிச் செல்ல விடலாகாது.

அடுத்து, நிதிக் குழு மானியம். பதினைந்தாவது மத்திய நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காடு ஊரின் தேவைக்கேற்பச் செலவிடத்தக்கது. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் அதை எடுக்க இயலாது. கூடத்துக்குப் பணம் அந்த 40-இல் இருந்தே வர வேண்டும் என்று பலர் கருதினர். ஆனால் கட்டுப்பட்ட பகுதியின் நோக்கங்களுள் மழைநீர்ச் சேகரிப்பும் இடம் பெற்றிருந்தது. கூடத்துத் தளத்தின் நீரைக் குழாய் வழியே தொட்டிக்குக் கொண்டுவரும் வேலையும், பொதுக் கழிப்பறையைச் சீர்செய்யும் வேலையும் அந்நோக்கங்களோடு பொருந்துவன. மதிப்பீட்டைப் பகுக்க வேண்டும் என்று மேலே கூறியதன் காரணம் இப்போது விளங்கும். மானியத்தின் நிபந்தனைகள் நிதிக் குழுவுக்கு நிதிக் குழு மாறுவன. ஆதலால் நடப்பு ஆண்டுக்குரிய ஆணையை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பார்த்த பிறகே தீர்மானம் எழுத வேண்டும். எந்த மானியமாயினும், வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எழுதப்பட்டிருப்பது இன்றியமையாதது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்பட்டது. 2011-12 முதல் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி நிதி உண்டு. இந்நிதிகள் பொதுவாக நிலைத்த சொத்துக்களை உண்டாக்குவதை நோக்கமாகக் கொண்டவை. வெள்ளையடிப்பதற்கும் சில்லறைப் பழுதுக்கும் அவற்றைக் கேட்டுப் பயனில்லை. கூடத்தோடு புதிய சமையலறை, உணவுக் கூடம், சுற்றுச்சுவர் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டுவதாயின் கேட்கலாம். பெருநிறுவனங்கள் தம் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் விதிக்கிறது. ஊரக வளர்ச்சிப் பணிகளும் அதில் அடங்கும். ஆலைகள் அருகிலுள்ள ஊராட்சிகள், மதிப்பீடும் பொறியாளர் ஒப்பமும் இணைத்து மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பிப்பது நன்று.

இவை எல்லாவற்றினும் சமுதாயக் கூடத்தின் இயல்புக்குப் பொருத்தமானது 'நமக்கு நாமே' திட்டம் என்றே நாம் கருதுகிறோம். 1997-98-இல் தொடங்கப்பெற்ற இத்திட்டம், 2011-12 முதல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22-இல் மீண்டும் பழைய பெயரைப் பெற்றது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும் என்பது இதன் அடிப்படை. ஆறு லட்சம் ரூபாய் மதிப்பீடாயின் ஊரார் இரண்டு லட்சம் திரட்ட வேண்டும். 1952-ஆம் ஆண்டில் நம் பாட்டன்மார் செங்கல் சுமந்து கொடுத்த பங்கை, இன்று நாம் வங்கி வரைவோலையாகக் கொடுக்கிறோம்; அவ்வளவே வேறுபாடு.

பங்கு யாரிடம் பெறுவது?

இரண்டு லட்சத்தை ஒரே செல்வரிடம் பெறுவது எளிது; ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். 400 வீடுகளில் வீட்டுக்கு 500 ரூபாய் வீதம் திரட்டுவது இரண்டு மாத அலைச்சல். ஆயினும் அலைச்சலையே நாம் பரிந்துரைக்கிறோம். ஒருவர் பணத்தில் புதுப்பித்த கூடம் சில ஆண்டுகளில் அவர் வீட்டுக் கூடம் போல் ஆகிவிடுகிறது. ஒரு தெருவார் மட்டும் கொடுத்துப் புதுப்பித்த கூடத்தின் சாவி அத்தெருவிலேயே தங்கிவிடுகிறது. பிறகு மறு தெருவிலிருந்து ஒருவர் காதணி விழாவுக்குக் கேட்டு வந்தால், "அன்று வேறு வேலை இருக்கிறது" என்ற விடை கிடைக்கிறது. ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வருவோர் இந்த விடையைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. பொதுப்பணத்தில் பேணப்படும் இடத்தைத் தீண்டாமையின் பெயரால் ஒருவருக்கு மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருப்பது நல்லதே. ஆனால் அந்தக் குடியிருப்பிலிருந்தும் வீட்டுக்குக் கொஞ்சம் பங்கு வந்து, அவர்களுள் ஒருவர் பராமரிப்புக் குழுவிலும் அமர்ந்து, முன்பதிவுப் பேடு ஊராட்சி அலுவலகத்தில் யாவரும் பார்க்கத் திறந்திருந்தால், வழக்குக்கே தேவை இராது.

ஆகவே பங்கு சிறிதாயினும் எல்லா வீட்டிலும் பெற வேண்டும். இயலாதவரிடம் ஒரு நாள் உழைப்பைப் பெற்றாலும் போதும். வெளியூரில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தால் நன்றியோடு ஏற்கலாம். கொடுத்தவர் அனைவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். எவருக்கும் கூடத்தின்மேல் தனியுரிமை இல்லை என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுதல் பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

புதுக்குப்புறம் அமைத்தல்

கூடம் செம்மையான பிறகு அதுவே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். முன்னர்ச் சொன்ன 40-க்கு 25 அடிக் கூடத்துக்கு நாள் வாடகை 1,500 ரூபாய் என்றும், ஆண்டில் 30 நாள் வாடகைக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வரவு 45,000 ரூபாய். மின்கட்டணம், துப்புரவு முதலியவற்றுக்கு 15,000 போனால் மீதி 30,000. ஒரு கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவில் நூற்றுக்கு ஒரு பங்காவது ஆண்டுதோறும் அதன் பராமரிப்புக்கு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இக்கூடத்தைப் புதிதாகக் கட்ட 25 லட்சம் ஆகும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 25,000 ரூபாய். ஆக, 30,000 போதுமானது. ஒரு சிறு மிச்சமும் உண்டு.

கணக்கு இவ்வளவு எளிதாயிருந்தும் பல கூடங்கள் ஏன் வறுமைப்பட்டன? ஊர்ப் பெரியவர் வீட்டு விசேஷத்துக்கு வாடகை கேட்கக் கூச்சப்பட்டதே முதற்காரணம். அவருக்கு விட்டபின் மற்றவரிடம் கேட்பது எப்படி? வந்த வாடகையும் ஊராட்சியின் பொதுச் செலவில் கரைந்து, தெருவிளக்குக்கும் மோட்டார் பழுதுக்கும் போயிற்று என்பது மற்றொரு காரணம். அவையும் ஊர்ச் செலவுகளே. ஆனால் புதுக்குப்புறத்து நெல்லை வேறு அடுப்பில் ஏற்றியது போலாயிற்று.

இதற்கு ஒரு தீர்மானம் வேண்டும். கூடத்தின் வாடகை முழுவதும் தனித் தலைப்பில் வரவு வைக்கப்படும். நடைமுறைச் செலவு போக எஞ்சியது கூடத்தின் பராமரிப்புக்கன்றி வேறெதற்கும் எடுக்கப்பட மாட்டாது. வாடகை எவருக்கும் தள்ளுபடி இல்லை. வறிய குடும்பத்துக்கும் பேரிடர்க் காலத்துக்கும் மட்டும் சலுகை உண்டு, அந்தச் சலுகையும் பேட்டில் எழுதப்படும் — இவ்வளவு போதும். தனி வங்கிக் கணக்கு வைக்க இயலுமா என்பதை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம். வறியவருக்கும் முழு இலவசம் என்பதைவிட, துப்புரவுக் கட்டணம் அளவுக்கு வாங்குவதே சிறந்தது என்பது நம் எண்ணம். சிறு தொகை கொடுத்துப் பெறுபவர் உரிமையோடு கூடத்தில் நிற்பார்.

கணக்கைப் பற்றி ஒரு சொல். உத்திரமேரூர்ச் சபையின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும், அவர்தம் நெருங்கிய உறவினரையும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் ஆக்கியது. நாம் அவ்வளவு கடுமை காட்ட வேண்டியதில்லை. வரவு செலவை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு கிராம சபையிலும் உரக்கப் படித்து, அத்தாளைக் கூடத்தின் கதவிலேயே ஒட்டிவிட்டால் போதும். வேலை நடக்கும்போதும் மதிப்பீட்டின் நகலை அங்கே தொங்கவிட வேண்டும். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கன அடி ஜல்லி என்பது தெரிந்திருந்தால், வழியே போகும் விவசாயி ஒருவரே நல்ல மேற்பார்வையாளர் ஆவார்.

காலம் தவறலாகாது

இத்தனையும் பருவம் பார்த்துச் செய்ய வேண்டியவை. விதைப்புப் போலவே பழுதுபார்ப்புக்கும் பட்டம் உண்டு. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுவது 2022-ஆம் ஆண்டு முதல் வழக்கமாயிற்று. மன்றம் பொறுப்பில் இருக்கும் காலத்திலும், தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு. அக்டோபர் 2-இல் பழுதின் விவரத்தைச் சபையில் வைத்து, நவம்பர் மழை பெய்யும்போதே எங்கெங்கே ஒழுகுகிறது என்று கரியால் குறியிட்டுக்கொள்ள வேண்டும். கோடையில் பார்த்தால் ஒழுகும் இடம் தெரியாது. பொங்கலுக்குள் பொறியாளரைக் கொண்டு மதிப்பீடு எழுதி, சனவரி 26-இல் தீர்மானம் நிறைவேற்றினால், அறுவடைப் பணம் கையில் இருக்கும் மாசி, பங்குனியில் மக்கள் பங்கைத் திரட்டலாம்.

தளவேலை சித்திரை, வைகாசியில். வெயில் கடுமையாக இருப்பதால் புதுத் தளத்தை ஈரச் சாக்கிட்டு ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைத்து வர வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் என்று இதைக் குறைத்தால் தளம் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். முகூர்த்த நாட்கள் வேலைக்கு இடையூறாகும் என்பதால் அந்த இரு மாதங்களுக்குக் கூடத்தில் முன்பதிவு வாங்காதிருப்பது நல்லது. ஆனி, ஆடியில் உள்வேலைகளும் மின்வேலைகளும் முடியும். ஆவணியில் முதல் கனமழை பெய்யும் இரவில், ஊராட்சி உறுப்பினர் ஒருவரும் வேலை செய்த கொத்தனாரும் விளக்கோடு கூடத்துக்குள் சென்று, அண்ணாந்து பார்த்து, நவம்பரில் கரியால் குறித்த இடங்களைக் கையால் தடவிப் பார்க்கட்டும். அவை உலர்ந்திருந்தால் மட்டும் ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணைப் பட்டியலில் ஒப்பமிடலாம்.